அமெரிக்க அதிபரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கும் மாநில ஒப்பந்தம்: உங்கள் மாநிலச் சட்டமன்றத்தில் பேசுவதற்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் நம்மவர்கள் பலருக்கு, வாக்களித்த கையோடு ஒரு மனக்குறையும் வந்து சேர்கிறது. நாடு முழுவதும் கூடுதல் வாக்குப் பெற்றவர் தோற்கலாம் என்பதும் (2000, 2016 ஆகிய தேர்தல்களில் அப்படித்தான் நடந்தது), தாம் வாழும் மாநிலம் ஒரு கட்சிக்கு உறுதி என்று கணக்கிடப்பட்டுவிட்டால் எந்த வேட்பாளரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கின்றன. இதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும் 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும் என்று கேட்டவுடன் பெரும்பாலோர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

திருத்தம் இல்லாத இன்னொரு வழி மாநிலங்களின் கையில் இருக்கிறது. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது ‘எலக்டோரல் காலேஜ்’ என்னும் தேர்வாளர் குழு. அதில் மாநிலங்களுக்குப் பங்கிடப்பட்ட வாக்குகள் மொத்தம் 538. அதிபராக 270 வேண்டும். தன் தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கே கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்கள் அனைவரையும் தருவோம் என்று மாநிலங்கள் ஒரே வாசகத்தில் சட்டம் இயற்றி வருகின்றன. இதுவே தேசிய மக்கள் வாக்கு மாநிலங்களிடை ஒப்பந்தம். சேர்ந்த மாநிலங்களின் வாக்குகள் 270ஐத் தொடும் வரை ஒப்பந்தம் உறங்கிக்கொண்டிருக்கும். தொட்டவுடன் நடைமுறைக்கு வரும்.

நான் வசிக்கும் மாநிலத்தில் இந்த மசோதாவுக்கு ஆதரவாகப் பேசப் புறப்பட்டபோது, எந்த அலுவலகம், எந்தப் படிவம், எந்த நாளுக்குள் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அரசின் தளங்களில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குப் புரியும்படியே இருக்கின்றன. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. உங்கள் குடியேற்ற நிலைக்கு எது பாதுகாப்பானது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற எந்தப் படியில் தவறினாலும் ஒரு வாய்ப்புத்தான் போகும். இந்தப் படியில் தவறினால் இந்த நாட்டில் வாழும் உரிமையே போகலாம் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கும் மசோதா பற்றிக் குழுவின் முன் கருத்துச் சொல்வதற்கும் பொதுவாகக் குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவரும் தம் ஊர், தம் கருத்து என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதலாம். ஆனால் வாக்காளராகப் பதிவு செய்வதும் வாக்களிப்பதும், பதிவு செய்த வாக்காளர்களுக்கென்று உள்ள மனுக்களில் கையெழுத்திடுவதும் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை. தேர்தல் நன்கொடையைப் பொறுத்தவரை, கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. விசாவில் இருப்பவர் எந்த மட்டத்துத் தேர்தலிலும் எந்த வேட்பாளருக்கும் பணம் தரக் கூடாது. பொது வாக்கெடுப்புகளுக்கான நன்கொடை பற்றிச் சில மாநிலங்கள் தனியாகத் தடை விதித்திருப்பதால், குடியுரிமை பெறும் வரை அதற்கும் பணம் தராமல் இருப்பதே நல்லது.

பொறி இருக்கும் இடங்கள் இரண்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்கவோ புதுப்பிக்கவோ டிஎம்வி அலுவலகத்துக்குப் போகும்போது, 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அங்கேயே வாக்காளர் பதிவும் செய்துகொள்ளலாம். கவுன்டரில் இருப்பவர் வழக்கம்போல் கேட்க, நம்மவர் வழக்கம்போல் தலையாட்ட, திரையில் ‘ஆம்’ என்று பதிவாகிவிடுகிறது. மற்றொன்று, கடைவாசலில் அட்டையும் பேனாவுமாக நிற்கும் மனுக் கையெழுத்து சேகரிப்பவர். அவர் நல்லவராகவே இருப்பார், விஷயமும் நல்லதாகவே இருக்கும். ஆனால் அந்தத் தாளின் தலைப்பில் ‘நான் இம்மாநிலத்தில் பதிவு செய்த வாக்காளர்’ என்ற உறுதிமொழி அச்சாகியிருக்கும். குடிமகனல்லாத ஒருவர் தன்னைக் குடிமகன் என்று காட்டிக்கொள்வது நாடுகடத்தலுக்கும் நிரந்தரத் தடைக்கும் காரணமாகலாம். குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில் ‘எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா’ என்று நேரடியாகவே கேட்கிறார்கள். அப்படி ஏதாவது நேர்ந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

குடிமக்களுக்கு: வாக்காளர் பதிவு இலவசம். ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி 4 இலக்கங்களோ பெரும்பாலான மாநிலங்களில் போதும். அரிசோனாவில் மாநிலத் தேர்தல்களில் வாக்களிக்கக் குடியுரிமைக்கான ஆவணச் சான்றும் கேட்பார்கள். குடியுரிமைச் சான்றிதழையோ கடவுச்சீட்டையோ கைவசம் வைத்திருங்கள். குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகு சமூகப் பாதுகாப்பு அலுவலகப் பதிவிலும் டிஎம்வி பதிவிலும் உங்கள் நிலை ‘குடிமகன்’ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நிலை அங்கே தங்கிவிட்டால், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும்போது உங்கள் பெயர் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

2. உங்கள் மாநிலம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

2007 ஏப்ரலில் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் உள்ளே இருந்தன: கலிபோர்னியா 54, நியூயார்க் 28, இல்லினாய் 19, நியூ ஜெர்சி 14, வாஷிங்டன் மாநிலம் 12, மாசசூசெட்ஸ் 11, மேரிலாந்து, மின்னசோட்டா, கொலராடோ தலா 10, ஆரிகன் 8, கனெக்டிகட் 7, நியூ மெக்சிகோ 5, ஹவாய், ரோட் ஐலண்ட், மேய்ன் தலா 4, வெர்மான்ட், டெலவேர், தலைநகர் தலா 3. கூட்டினால் 209. அந்தக் கணக்கில் 270க்கு இன்னும் 61 வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் இந்த எண் மாறக்கூடும் என்பதால், உறுப்பினரிடம் பேசுவதற்கு முன் அன்றைய கணக்கை உங்கள் மாநிலச் சட்டமன்றத் தளத்திலும் செய்திகளிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணைச் சொன்னால் எதிர்த்தரப்பு உறுப்பினர் அதையே பிடித்துக்கொள்வார்.

உங்கள் மாநிலம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சேர்ந்த மாநிலம் விலகவும் ஒப்பந்தம் இடம் தருகிறது. விலகல் மசோதாக்கள் வரும்போது எதிர்த்துப் பேச ஆள் தேவை. சேராத மாநிலமென்றால், நடப்புக் கூட்டத்தொடரில் மசோதா தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நேரே 10ஆம் படிக்குச் செல்லுங்கள்.

3. சரியான இருவரைக் கண்டுபிடியுங்கள்

வீணாகும் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் வீணாகிறது. அதிபர் தேர்தல் பற்றிய விஷயம் என்பதால், வாஷிங்டனில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவதுதான் முறை என்று நம்மவர்களுக்குத் தோன்றுகிறது. அவருக்கு இந்த மசோதாவில் வாக்கு கிடையாது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், எம்.பி.யிடம் போகாமல் எம்.எல்.ஏ.விடம் போக வேண்டிய வேலை இது. நெப்ராஸ்காவில் மட்டும் ஒரே அவை. மற்ற 49 மாநிலங்களிலும் இரண்டு அவைகள் இருப்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு உறுப்பினர்கள்: மாநில மேலவைக்கு ஒருவர், கீழவைக்கு ஒருவர். இருவரையும் அணுகுங்கள், சில மாநிலங்களில் ஒரு தொகுதிக்கே ஒருவருக்கு மேற்பட்ட கீழவை உறுப்பினர்கள் இருப்பார்கள். ‘செனட்டர்’ என்ற பட்டம் வாஷிங்டனிலும் இருக்கிறது, மாநிலத் தலைநகரிலும் இருக்கிறது. முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அணுகுவது எவ்வளவு எளிது என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூ ஹாம்ப்ஷையரின் கீழவையில் 400 பேர். உறுப்பினரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசக்கூடும். டெக்சாஸ் மேலவையிலோ 31 பேர்தான். அம்மாநிலம் வாஷிங்டனுக்கு அனுப்பும் கீழவை உறுப்பினர்களே 38 பேர் என்பதால், ஒரு மாநில செனட்டரின் தொகுதி நாடாளுமன்றத் தொகுதியைவிடப் பெரியது. அத்தகைய இடங்களில் உதவியாளர்தான் உங்கள் வாசல். அவரிடம் மரியாதையாகவும் சுருக்கமாகவும் பேசுங்கள். உறுப்பினரின் மேசைக்குப் போகும் குறிப்பை எழுதுபவர் அவரே.

மின்னஞ்சலில் உங்கள் வீட்டு முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். தொகுதிக்குள் இருப்பவர் என்று தெரியாத கடிதங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்புவதைவிடச் சொந்தச் சொற்களில் பத்து பேர் எழுதுவது பலன் தரும் என்பது என் அனுபவம்.

4. மசோதாவின் எண்ணும் நாட்காட்டியும்

மசோதாவுக்குக் கூட்டத்தொடர்தோறும் எண் மாறும். சென்ற முறை எண்ணைச் சொல்லிப் பேசினால் உதவியாளர் வேறு ஏதோ ஒரு மசோதாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். சட்டமன்றத் தளத்தில் ‘தேசிய மக்கள் வாக்கு’ என்பதற்கான ஆங்கிலச் சொற்றொடரை இட்டுத் தேடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, மசோதா அசையும் ஒவ்வொரு முறையும் மின்னஞ்சல் வரும்படி பதிவு செய்யுங்கள். இது பெரும்பாலான மாநிலங்களில் இலவசச் சேவை.

காலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டெக்சாஸ், நெவாடா, மொன்டானா, வடக்கு டகோட்டா ஆகிய நான்கும் வழக்கமான கூட்டத்தொடரை ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே நடத்துகின்றன. டெக்சாஸில் அது ஜனவரியில் தொடங்கி 140 நாட்கள். நெவாடாவில் 120 நாட்கள். அதைத் தவறவிட்டால் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதுதான். ஜார்ஜியாவில் அவை கூடும் நாட்கள் 40. 28ஆம் நாளுக்குள் ஓர் அவையைக் கடக்காத மசோதா அந்த ஆண்டில் மேலே போவது மிகக் கடினம். இத்தகைய ‘மறு அவைக்குச் செல்லும் கடைசி நாள்’ பல மாநிலங்களில் உண்டு. தொடர் தொடங்கும் நாளைவிட இந்த நாளையே நாட்காட்டியில் தடித்த எழுத்தில் குறித்து வையுங்கள்.

பெரும்பாலான மசோதாக்கள் இறப்பது குழுவில். அவையில் தோற்பதுகூட இல்லை. குழுத் தலைவர் விசாரணைக்கே எடுக்காமல் விட்டுவிடுகிறார். ஆகவே மசோதா எந்தக் குழுவுக்கு அனுப்பப்பட்டது, தலைவர் யார், உங்கள் உறுப்பினர் அக்குழுவில் இருக்கிறாரா என்பவற்றைப் பாருங்கள். ‘ஆதரவாக வாக்களியுங்கள்’ என்று கேட்பதற்கு முந்தைய கோரிக்கை, ‘விசாரணைக்கு எடுக்கும்படி தலைவரிடம் சொல்லுங்கள்’ என்பதே.

தனி மசோதா நின்றுவிட்டாலும் வாசகம் வேறொரு பெரிய மசோதாவுக்குள் புகுந்து நிறைவேறலாம். மின்னசோட்டாவில் 2023 மே மாதத்தில் அப்படித்தான் ஒரு தொகுப்பு மசோதாவின் பகுதியாகச் சட்டமானது. மின்னஞ்சல் அறிவிப்பு ஒரு எண்ணைத்தான் பின்தொடரும் என்பதால், உறுப்பினரின் உதவியாளரிடம் இடையிடையே கேட்டுக்கொண்டிருங்கள்.

5. வாசகத்தைப் படியுங்கள், திருத்தம் கேட்காதீர்கள்

ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். ஒரே அமர்வில் படித்துவிடலாம். மாநிலங்கள் அதைச் சாராம்சத்தில் ஒரே வடிவில் இயற்ற வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் மாநிலம் மட்டும் ‘50 விழுக்காடு பெறாவிட்டால் இரண்டாம் சுற்று’ என்றோ ‘தரவரிசை வாக்கு’ என்றோ ஒரு பத்தியைச் சேர்த்தால், அது ஒப்பந்தத்தில் சேர்ந்ததாகவே கருதப்படாமல் போகலாம். நல்லெண்ணத்தோடு முன்வைக்கப்படும் திருத்தங்களே மசோதாவைக் கொல்லும் வழியாகவும் பயன்படுகின்றன. ஒப்பந்தப்படி வெல்பவர் நாடு முழுவதும் மற்றவர்களைவிட அதிக வாக்குப் பெற்றவர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற விதி அதில் இல்லை. கேள்வி வந்தால் மழுப்பாமல் அப்படியே சொல்லுங்கள்.

இரண்டு தேதிகளையும் படித்து வையுங்கள். தேர்தல் ஆண்டின் ஜூலை 20 அன்று சேர்ந்த மாநிலங்களின் பலம் 270ஐ எட்டியிருந்தால்தான் அந்தத் தேர்தலுக்கு ஒப்பந்தம் பொருந்தும். அதிபரின் பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள், அதாவது அந்த ஜூலை 20க்கும் அடுத்த ஜனவரி 20க்கும் இடையில், ஒரு மாநிலம் விலகினால் அந்த விலகல் அடுத்த அதிபர் பொறுப்பேற்கும் வரை செல்லாது. ‘தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டு ஓடிவிட மாட்டார்களா’ என்ற கேள்விக்கு விடை இந்த விதியில்தான் இருக்கிறது. 

6. எழுத்துச் சாட்சியம்: ஒரு பக்கம், ஒரு கருத்து

நேரில் போக முடியாவிட்டாலும் எழுத்துச் சாட்சியத்தைக் குழுவுக்கு அனுப்பலாம். ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். முதல் வரியில் பெயர், ஊர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்பது. அடுத்து, உங்கள் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஒரே ஒரு காரணம். பிறகு ஒரு புள்ளிவிவரம். கடைசியில் கோரிக்கை. சாட்சியம் பொது ஆவணமாகித் தளத்தில் நிரந்தரமாக நிற்கும். ஆகவே முழு வீட்டு முகவரி, தொலைபேசி எண், விசா விவரம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றைப் படிவம் கேட்டால் மட்டும் படிவத்தில் எழுதுங்கள், சாட்சியத் தாளில் எழுத வேண்டாம்.

புள்ளிவிவரத்தைக் குழுவின் கட்சிச் சாய்வைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 2020இல் டிரம்ப் கலிபோர்னியாவில் சுமார் 60 லட்சம் வாக்குகள் பெற்றார். பைடன் டெக்சாஸில் 52 லட்சத்துக்கு மேல் பெற்றார். இந்த வாக்குகளால் இருவருக்கும் அங்கே ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் நீங்கள் கட்சிக்காக வந்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 2024இல் டிரம்ப் மக்கள் வாக்கிலும் முன்னணியில் இருந்ததால், இது குறிப்பிட்ட ஒரு கட்சிக்கான திட்டம் என்ற வாதம் வலுவிழந்திருக்கிறது என்பதையும் நினைவூட்டலாம்.

வழக்கமாக வரும் எதிர்வாதங்களுக்கு ஆயத்தமாக இருங்கள். ‘பெருநகரங்களே அதிபரைத் தீர்மானித்துவிடும்’ என்பார்கள்: 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் நகரின் மக்கள்தொகை 88 லட்சம், நாட்டின் மக்கள்தொகையில் அது 3 விழுக்காடுகூட இல்லை. ‘சிறிய மாநிலங்கள் நசுங்கிவிடும்’ என்பார்கள்: வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்கு ஏறக்குறைய 1,92,000 மக்கள், கலிபோர்னியாவில் ஏறக்குறைய 7,32,000 என்பது உண்மைதான், ஆனாலும் 2024இல் இரு கட்சிகளும் பிரசாரத்தைக் குவித்தது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா ஆகிய ஏழில்தான், மூன்று வாக்குகள் மட்டுமே கொண்ட மாநிலம் எதுவும் அதில் இல்லை. வெர்மான்ட், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் போன்ற சிறிய மாநிலங்கள் தாமாகவே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றன.

கடினமான எதிர்வாதம் சட்டம் சார்ந்தது. மாநிலங்களிடை ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பின் முதல் பிரிவு சொல்கிறதே என்று கேட்பார்கள். எல்லா ஒப்பந்தங்களுக்கும் அந்த ஒப்புதல் தேவையில்லை, கூட்டாட்சியின் அதிகாரத்தைக் குறைப்பவற்றுக்கே தேவை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1893இல் வர்ஜீனியாவுக்கும் டென்னசிக்கும் இடையிலான வழக்கில் வெளியிட்டது. இந்த ஒப்பந்தம் அந்த வரம்புக்குள் அடங்குமா என்பதை நீதிமன்றம் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லுங்கள். சட்டம் தெரிந்த உறுப்பினர் முன்னால் நேர்மையான பதிலே நிற்கும்; அளந்துவிட்டால் உங்களுக்குப் பின்னால் பேச வருபவரையும் நம்ப மாட்டார்கள்.

7. நேரில் பேசும் நாள்

பதிவு முறையை முன்கூட்டியே பாருங்கள். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு பெரியது. அரிசோனாவில் பேசுவதற்கும் கருத்துப் பதிவதற்கும் இணையக் கணக்குத் தொடங்கலாம், ஆனால் முதன்முறை அதை ஃபீனிக்ஸில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தின் திரையில் செயல்படுத்திக்கொள்ள வேண்டும். விசாரணைக்கு முந்தைய இரவு வீட்டிலிருந்து முயன்றால் முடியாது. டெக்சாஸ் கீழவைக் குழுவில் வாய்மொழியாகப் பேச, ஆஸ்டினில் கட்டடத்துக்குள் வந்துதான் பதிவு செய்ய வேண்டும். எழுத்துக் கருத்தை மட்டும் இணையத்தில் தரலாம். வேறு பல மாநிலங்களில் காணொளி வழியாகவே பேச முடியும், ஆனால் அதற்கான பதிவு முந்தைய நாளே மூடப்பட்டுவிடும்.

விசாரணை அறிவிப்புக்கும் விசாரணைக்கும் இடையே ஓரிரு நாட்களே இருக்கலாம். அலுவலகத்தில் விடுப்புக்கு முன்பே சொல்லி வையுங்கள். ‘காலை 9 மணி’ என்று அறிவித்தது, அவை நீண்டதால் மாலைக்கு நகர்வது சாதாரணம். எங்கள் மாநிலத்தில் நான் பேசிய அன்று, ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று அறிவித்திருந்ததைப் பட்டியல் நீண்டதால் ஒரு நிமிடமாக்கிவிட்டார் குழுத் தலைவர். எனக்கு முன்னால் பேசிய முதியவர் ஒருவர் இரண்டாம் பத்தியில் இருக்கும்போதே மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. சொல்ல வந்தது மூன்றாம் பத்தியில் இருந்தது. ஆகவே மூன்று நிமிடப் பேச்சோடு ஒரு நிமிடப் பேச்சையும் தனியாக எழுதி, கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாக்கியங்களிலேயே முக்கியமானது முடிந்துவிட வேண்டும்.

நீங்கள் பேசும்போது உறுப்பினர்கள் எழுந்து போவார்கள், மடிக்கணினியைப் பார்ப்பார்கள். வேறு குழுவிலும் அவர்களுக்கு அதே நேரத்தில் வேலை இருக்கிறது, மனம் நோகாதீர்கள். தலைவரை விளித்துத் தொடங்குங்கள், கேள்வி வந்தால் அவர் வழியாகவே பதில் சொல்லுங்கள், தெரியாததற்கு ‘எழுத்தில் அனுப்புகிறேன்’ என்று சொல்லி மறுநாளே அனுப்புங்கள். உச்சரிப்பைப் பற்றிய தயக்கம் வேண்டவே வேண்டாம். நிறுத்தி, மெதுவாகப் பேசுங்கள். பதிவாவது உங்கள் சொற்கள். நம் ஊரில் ஒரு மசோதாவைப் பற்றிச் சட்டமன்றக் குழுவின் முன் சாதாரணக் குடும்பத்தவர் ஒருவர் போய்ப் பேசுவதை நான் பார்த்ததில்லை. இங்கே அந்த நாற்காலி எல்லோருக்கும் திறந்திருக்கிறது, நம்மவர்கள் அதில் உட்காருவது மிகக் குறைவு என்பதே எனக்கு வருத்தம்.

8. ஆளுநர், மனு, பொது வாக்கெடுப்பு

இரு அவைகளும் நிறைவேற்றினாலும் ஆளுநர் மறுக்கலாம். கலிபோர்னியாவில் 2006இலும் 2008இலும் மறுக்கப்பட்டு 2011இல்தான் சட்டமானது. நெவாடாவில் 2019இல் ஆளுநர் மறுத்தார். ஹவாயில் 2008இல் சட்டமன்றம் மறுப்பை மீறி நிறைவேற்றியது. மேய்னில் ஆளுநர் கையெழுத்திடாமலே சட்டமாயிற்று. ஆளுநருக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாட்களே என்பதால், இரண்டாம் அவை வாக்களித்த அன்றே அவர் அலுவலகத்துக்கு அழையுங்கள்.

குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி வாக்கெடுப்பைக் கொண்டுவரும் வழி ஏறத்தாழப் பாதி மாநிலங்களில் இருக்கிறது. கொலராடோவில் 2019இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்தவர்கள் கையெழுத்துத் திரட்டி 2020 நவம்பரில் மக்கள் முன் வைத்தார்கள். 52 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்ததால் சட்டம் நிலைத்தது. சட்டமன்றத்தைத் தாண்டி மக்கள் மனு மூலமாகவே ஒப்பந்தத்தில் சேர்வது வேறு விஷயம்: தேர்வாளர்களை நியமிக்கும் அதிகாரம் ‘சட்டமன்றத்துக்கு’ என்று அரசியலமைப்பு சொல்வதால், அந்த வழி வழக்கில் சிக்கக்கூடும். கையெழுத்திடும் குடிமக்கள், வாக்காளர் பதிவில் உள்ளபடியே பெயர், முகவரி, கவுன்ட்டி எழுதுங்கள். முதலெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற நம் பெயர்க் குழப்பத்தால் தள்ளுபடியாகும் கையெழுத்துகள் உண்டு.

9. செலவும் சங்கத்தின் பெயரும்

குழு முன் பேசக் கட்டணம் இல்லை. தலைநகரின் வாகன நிறுத்தக் கட்டணம், பெட்ரோல், ஒரு நாள் விடுப்பு, குழுவினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிகள் ஆகியவையே செலவு. ஊதியம் வாங்காமல் சொந்தக் கருத்தைச் சொல்பவர் பொதுவாக லாபியிஸ்ட்டாக, அதாவது சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவராக, பதிவு செய்ய வேண்டியதில்லை. யாராவது உங்களுக்குப் பணம் தந்தால் மாநில விதியைப் பார்த்தே தீர வேண்டும்.

தமிழ்ச் சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் இங்கே நின்று கவனியுங்கள். நம் சங்கங்கள் பல 501(சி)(3) வகை வரிவிலக்கு அமைப்புகள். வேட்பாளரை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ அவற்றுக்கு முழுத் தடை. மசோதாவை ஆதரிப்பது லாபி வேலையாகக் கருதப்படும்; அது தடை இல்லை, ஆனால் அமைப்பின் பணிகளில் சிறு பகுதியாகவே இருக்க வேண்டும். தெளிவான பண வரம்பு வேண்டுமென்றால் வருமான வரித் துறையின் 5768 படிவத்தைத் தாக்கல் செய்யலாம். அப்போது ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடு வரை என்ற கணக்கு பொருந்தும். செயற்குழுவின் எழுத்துத் தீர்மானம் இல்லாமல் ‘சங்கத்தின் சார்பில்’ என்று சொல்லாதீர்கள்.

10. கூட்டத்தொடர் தொடங்குமுன்பும் சட்டமான பின்பும்

மசோதா தாக்கலாகாத மாநிலத்தில் வேலை நவம்பர், டிசம்பரில் தொடங்குகிறது. பல மாநிலங்களில் தொடர் தொடங்குமுன்பே மசோதாக்களைத் தாக்கல் செய்யலாம். டெக்சாஸில் பொதுத்தேர்தலுக்கு அடுத்த திங்கட்கிழமையே அது திறந்துவிடும். உறுப்பினர் ஊரில் இருக்கும் காலம் அது. தொகுதி அலுவலகத்தில் இருபது நிமிடச் சந்திப்பு கேளுங்கள். மூன்று நான்கு பேராகப் போங்கள். முடிந்தால் இரு கட்சிகளுக்கும் வாக்களிப்பவர்கள் அதில் இருக்கட்டும். ‘தாக்கல் செய்வீர்களா, செய்ய மாட்டீர்கள் என்றால் இணைந்து கையெழுத்திடுவீர்களா’ என்று நேரடியாகக் கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டமான பின்பும், 270 எட்டும் வரை உங்கள் மாநிலத்தில் எதுவும் மாறாது. கொலராடோ 2020இலும் 2024இலும் தன் மாநில முடிவின்படியே தேர்வாளர்களை அனுப்பியது. 2028 தேர்தலுக்குப் பொருந்த வேண்டுமானால் 2028 ஜூலை 20 அன்று 270 இருக்க வேண்டும். 2030 கணக்கெடுப்புக்குப் பின் மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை திருத்தப்பட்டு 2032 தேர்தலில் நடைமுறைக்கு வரும். அப்போது மேலே தந்த எண்களை அப்படியே பயன்படுத்தாமல் புதிய பட்டியலைப் பார்த்துக் கூட்டுங்கள்.